ஓய்வு நேரம்: தூண்டில் முதலில், படகு பின்னர்

மும்பைவாழ் தமிழ் இளைஞரிடையே அண்மைக் காலத்தில் புதியதோர் ஆசை துளிர்த்திருப்பதைக் காண்கிறோம். அமெரிக்க நாட்டு ஏரிகளில் நடைபெறும் ‘பாஸ்’ மீன்பிடிப் போட்டிகளைக் கைப்பேசித் திரையிலே கண்டு, தாமும் அவ்வாறே விரைவுப் படகொன்றில் நின்று தூண்டில் வீச வேண்டுமென விழைவோர் பெருகி வருகின்றனர். நண்பர் நால்வர் சேர்ந்து பழைய படகு ஒன்றை வாங்கிவிடலாமா என்னும் பேச்சு, தாராவியிலும் செம்பூரிலும் உள்ள இல்லங்கள் சிலவற்றில் எழுந்துள்ளது. விளையாட்டில் நாட்டம் கொள்ளுதல் நன்றே. ஆயினும், சீட்டெடுத்த பணமும் தங்கையின் திருமணத்திற்கென ஒதுக்கிய பணமும் இத்தகைய ஆசையிலே கரைந்துபோகக் கூடியவை. நீச்சல் அறியாதவனுக்கு உயிரும் பொருட்டாகிவிடும். ஆதலின் இத்திங்கள் இதனைக் குறித்துச் சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

‘பாஸ்’ என்பது வட அமெரிக்க நன்னீர் நிலைகளுக்கு உரிய மீன். வாய் பெரிது. பாசிக்கும் முறிந்து வீழ்ந்த மரத்திற்கும் இடையே பதுங்கியிருந்து, தவளையோ சிறுமீனோ அருகில் வந்தவுடன் பாய்ந்து பற்றும். அதனைப் பிடிப்பதைப் பெரும் பந்தய விளையாட்டாக ஒழுங்குபடுத்தியவர், ஆயுள் காப்பீட்டு முகவராயிருந்த ரே ஸ்காட் என்பவர். 1967-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆர்க்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் அவர் முதற்போட்டியை நடத்தினார். பிடித்த மீன்களையெல்லாம் கொன்று குவித்தால் ஏரி வெறுமையாகிவிடும் என்பதை உணர்ந்து, 1972 முதல் மீனை உயிரோடு திருப்பிவிடும் வழக்கத்தையும் அவரே போட்டிகளில் புகுத்தினார். இந்நாளில் போட்டியாளர் தாம் பிடித்தவற்றுள் சிறந்த ஐந்து மீன்களைப் படகிலுள்ள நீர்த்தொட்டியில் உயிருடன் காத்துக் கொணர்ந்து, எடையிட்டு, மீண்டும் ஏரியில் விடுகின்றனர். மீன் இறந்துவிட்டால் எடையில் கழிவு உண்டு. திரையிலே மின்னும் படகைக் காணும் நம் இளைஞர், இந்த விதியையும் காணவேண்டும்.

அப்படகினால்தான் மீன் கிடைக்கிறது என்று எண்ணுவதும் பிழை. உலகிலேயே பெரிய பாஸ் மீன் எனப் பதிவு பெற்றது, 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்னும் உழவர் குடும்பத்து இளைஞர் பிடித்ததாகும். எடை 22 பவுண்டு 4 அவுன்சு. ஏறத்தாழ பத்துக் கிலோ. அவர் சென்றதோ பலகைகளைக் கொண்டு வீட்டிலேயே செய்த எளிய படகில். அம்மீனை எடையிட்ட பின்னர்க் குடும்பத்தார் சமைத்து உண்டனர் என்பர். எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 2009 ஜூலையில், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் ஓர் அவுன்சு கூடுதலான மீனைப் பிடித்தார். பழைய பதிவை முறியடிக்க அச்சிறு வேறுபாடு போதாது என்பது விதியாதலால், இருவரும் சமமென்றே அறிவிக்கப்பட்டனர். ஆக, பொறியும் பளபளப்பும் இல்லாத படகில் சென்றவரின் சாதனையை இன்றளவும் எவரும் கடந்திலர்.

நம் நாட்டில் இந்தப் பாஸ் மீனுக்கு நிகரானது எது? நெல்லைச் சீமையின் குளக்கரைகளில் வளர்ந்த முதியோரைக் கேட்டால், தயங்காது ‘விரால்’ என்பர். விராலும் தாமரை இலைக்கும் பாசிக்கும் அடியிலே பதுங்கும். தவளையைக் கண்டால் தாவும். காற்றை விழுங்க அவ்வப்போது மேலே வந்து தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். அமெரிக்கர் ரப்பர்த் தவளையைப் பாசியின்மீது இழுத்துப் பிடிக்கும் உத்தியும், நம் ஊரார் முள்ளில் தவளையைக் கோத்துத் தத்தவிடும் உத்தியும் ஒன்றே. இரண்டிலும் புதியவன் செய்யும் பிழையும் ஒன்றே. நீர் சிதறியவுடன் பதறி இழுத்துவிடுகிறான். தவளைதான் கைக்கு வருகிறது. மீன் இரையை வாயில் வாங்கித் திரும்பும் வரை பொறுத்து, தங்கூசி இறுகிக் கனம் தெரிந்த பின்னரே கோலை உயர்த்த வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மிதக்கும் இடத்தில் தாய்விராலும் தந்தைவிராலும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். காவல் நிற்கும் மீனைத் தொடாமல் விடுவதே அறம்.

மும்பையில் தூண்டில் பழக ஏற்ற இடம் பவாய் ஏரி. மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம் அக்கரையில் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. உரிய அனுமதி பெற்று, அதன் விதிகளுக்கு உட்பட்டே மீன் பிடித்தல் வேண்டும். விகார் ஏரியும் துளசி ஏரியும் குடிநீருக்குரியவை. காப்புக்காட்டின் நடுவே உள்ளவை. அங்கே தூண்டிலோடு செல்ல நினைத்தலும் தகாது.

பவாயில் பெரிதும் நாடப்படுபவை கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டையினங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது நீரின் மேற்பரப்பையொட்டி இரை கொள்ளும். ரோகு இடைநீரில் உலவும். மிருகால் அடித்தரையைத் துழாவும். எனவே எம்மீன் வேண்டுமோ அதற்கேற்பத் தக்கைக்கும் முள்ளுக்கும் இடைப்பட்ட நீளத்தை அமைத்துக்கொள்க. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைகளைக் குறித்த ஓரிடத்தில் இட்டு, மீனை வரவழைத்து, கோதுமை மாவுருண்டையை முள்ளில் கோத்துக் காத்திருத்தல் பழைய முறை. வைகறையும் மாலையும் ஏற்ற பொழுதுகள். பேச்சும் காலடி ஓசையும் குறைய வேண்டும். இவற்றுக்கெல்லாம் கோல் ஒன்றும், தங்கூசியும், முள்ளும், ஈயக்குண்டும், பொறுமையும் போதும், படகு வேண்டா. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பவாயில் முதலைகள் வாழ்கின்றன. நீரில் இறங்குதல், மீனைக் கரையிலேயே அறுத்துக் கழுவுதல், சிறுவரை நீரோரம் தனியே விடுதல் ஆகிய மூன்றும் கூடா.

இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகள் கரையிலே பழகிய பின்னரும் ஆசை தணியாதவர், கழிமுகங்களை நாடுவர். அங்கே கிடைப்பது நம் கடலோர மக்கள் நன்கறிந்த கொடுவா. மராத்தியர் இதனை ‘ஜிதாடா’ என்பர். ராய்கட் மாவட்டத்தில் இதற்குள்ள மதிப்பு பெரிது. ஆசியக் கடற்பாஸ் என உலகம் வழங்குவதும் இதனையே. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் பொரிப்பகத்திலேயே இதன் குஞ்சுகளைப் பெற்று வெற்றி கண்டது. கொடுவா முதலில் ஆணாய் முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாய் மாறும் இயல்புடையது. எனவே மிகப் பெரிய கொடுவாவைத் திருப்பி விடுதல், வரும் தலைமுறை மீன்களுக்குத் தாயைக் காப்பதாகும்.

பழைய படகை நாடுவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, தாள்கள். பதிவுச் சான்றிலுள்ள எண்ணும், படகின் உடலிலும் பொறியிலும் உள்ள எண்களும், விற்பவரின் பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின் விலை எத்துணைக் குறைவாயினும் விலகிவிடுக. இரண்டாவது, உடல். பைபர் படகாயின் நாணயத்தால் எங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். ‘கிண்’ என்ற ஓசை மாறி ‘பொத்’தென்று கேட்குமிடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும் அல்லது நீர் புகுந்திருக்கும். பொறியை மாட்டும் பின்பலகையே முதலில் இற்றுப்போவது. பொறியைப் பற்றி மேலும் கீழும் அசைத்தால் அப்பலகை நெளிகிறதா என நோக்குக. புதுச் சாயம் பூசிய படகினை இருமடங்கு ஐயத்துடன் காண்க. மரப்படகாயின் அடிமரத்தையும் ஆணிகளைச் சுற்றியுள்ள இடங்களையும் கத்திமுனையால் குத்திப் பார்க்கலாம். முனை எளிதில் இறங்கினால் அம்மரம் உளுத்தது. மூன்றாவது, பொறி. விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்த பொறியைப் பாராது, குளிர்ந்த நிலையில் தொடங்கச் சொல்லுக. குளிர்விக்கும் நீர் தடையின்றிப் பீறிட்டு வெளிவருகிறதா என்று காண்க. பின்னர் நீரிலே அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தல் ஆகாது.

விலை மட்டுமே செலவன்று. நிறுத்துமிடத்திற்கு வாடகை, எரிபொருள், உப்புநீர் அரித்த உறுப்புகளை மாற்றுதல் எனத் திங்கள்தோறும் கை கடிக்கும். மேற்குக் கரையில் ஜூன் 1-இல் தொடங்கி ஏறத்தாழ இரு திங்கள் பொறிப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. தமிழகக் கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், ஊர் வழக்கை இங்கே கருதி ஏமாறலாகாது. தடை இல்லாத நாளிலும் மழைக்காலக் கடல் கற்றுக்குட்டிக்கு உரியதன்று. படகில் ஏறும் ஒவ்வொருவர்க்கும் மிதவைச் சட்டை இன்றியமையாதது. அதனை வாங்கப் பணம் போதாதாயின், படகு வாங்கவும் பணம் போதவில்லை என்றே பொருள்.

போட்டி நடத்தவும் நம்மவர்க்குப் பெரும்பொருள் தேவையில்லை. அனுமதி பெற்ற நீர்நிலையின் கரையிலே பத்துப்பேர் கூடி, பிடித்த மீனை எடையிட்டு உடனே விடுவதே நல்ல போட்டி. முள்ளின் எதிர்வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டால் எடுப்பது எளிது. மீனை ஈரக்கையால் பற்றுக. சுடு கல்லின்மீது கிடத்தாதீர். தன் வலிமையால் அது நீந்திச் செல்லும்வரை நீரிலே தாங்கிப் பிடித்து விடுக. அயல்நாட்டு மீனை ஆசைக்காக ஏரியில் விடுதலோ அடாதது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் 2000-ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டும், இன்றும் நம் நீர்நிலைகளில் சொந்த மீன்களை அழித்து வருகிறது. பாஸ் மீன் பரவியதால் தன் சொந்த மீன்களை இழந்து வருந்தும் நாடு ஜப்பான்.

மீனை விட்டால் மட்டும் போதாது. விடுவதற்கு நல்ல நீர் வேண்டும். பவாய் ஏரி, பம்பாயின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கவென 1891-இல் அமைக்கப்பட்டது. நீர் தரமின்மையால் அந்நோக்கம் கைவிடப்பட்டது. அது நிரம்பி வழியும் நீரும் விகாரின் நீரும் சேர்ந்தே மித்தி ஆறாகி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாய் மாகிம் கழிமுகத்தை அடைகிறது. தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லையிலிருந்து நம் முன்னோர் வந்திறங்கிய தாராவி, அதற்கு முன்னரே கோலி மீனவரின் ஊர். அம்மீனவர் வலை வீசிய நீர் இன்று கழிவுநீராய்க் கறுத்துள்ளது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, குறுகித் தூர்ந்திருந்த அந்த ஆறு நம் வீடுகளுக்குள் புகுந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். பவாய்க் கரையில் மாநகராட்சி மேற்கொண்ட மிதிவண்டிப் பாதைப் பணியை, 2022 மே திங்களில் பம்பாய் உயர்நீதிமன்றம் சட்டத்திற்கு முரணானதெனக் கூறி நிறுத்தியது. அவ்வழக்கைத் தொடுத்தவர் பெரும் பதவியினர் அல்லர். ஏரியை நாள்தோறும் கண்டு அதன்பால் அன்பு கொண்ட குடிமக்களே.

தூண்டிற்காரனும் அத்தகைய குடிமகன் ஆதல் கூடும். நீர் மட்டம் குறைந்தாலும், நிறம் மாறினாலும், மீன் செத்து மிதந்தாலும் முதலில் காண்பவன் அவன். கண்டதை நாளிட்டு எழுதி, சங்கத்தார்க்கும் மாநகராட்சிக்கும் தெரிவிப்பானாயின், ஏரிக்கு ஊதியமில்லாக் காவலன் ஒருவன் வாய்த்தவனாவான். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள பெற்றோர், பிள்ளைகளின் இவ்வாசையைத் தடுக்க வேண்டுவதில்லை. முதலில் நீச்சல் கற்பிக்க. அடுத்து ஒரு கோல் வாங்கிக் கொடுக்க. கரையில் அமர்ந்து நீரை அறியச் செய்க. படகைப் பற்றிய பேச்சு அதன் பின்னர் எழட்டும்.