அண்ணன் தோளில் மூட்டை, தம்பி கையில் ஏடு

1981-ஆம் ஆண்டு தமிழ்த் திரையரங்குகளில் 'தீ' என்றொரு படம் ஓடியது. ஆர். கிருட்டிணமூர்த்தி இயக்கிய அப்படத்தில் இரசினிகாந்து அண்ணனாகவும், சுமன் தம்பியாகவும், சௌகார் சானகி தாயாகவும் நடித்தனர். படத்தின் பெயர் ஓரெழுத்தொருமொழி, கலப்பில்லாத் தனித்தமிழ். வடமொழிப் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் தெருச்சுவர்களை அடைத்துக்கொண்டிருந்த நாளில், அவ்வோரெழுத்தைக் கண்ட தமிழன்பர் நெஞ்சம் சற்றே குளிர்ந்திருக்கும். ஆனால், பெயரைக் கடந்து உள்ளே புகுந்தால் வேறொரு வினா எழுகின்றது. அவ்வினா திரையரங்கோடு நின்றுவிடுவதில்லை. தமிழ் பேணுவோர் வீட்டு வாயில்வரை வந்து கதவைத் தட்டுகின்றது.

முதலில் கதையைக் காண்போர் கண்டுகொள்க. தொழிலாளர் தலைவன் ஒருவன், தன் மனைவி மக்களின் உயிரைக் காக்கும்பொருட்டு முதலாளியின் மிரட்டலுக்குப் பணிந்து, தோழர்களைக் கைவிடுகிறான். பழி பொறாது வீட்டைவிட்டே ஓடிப்போகிறான். சினங்கொண்ட ஊரார், அவன் மூத்த மகன் கையில் 'இவன் தந்தை திருடன்' என்னும் பொருள்படப் பச்சை குத்திவிடுகின்றனர். தாய் கல் சுமக்கிறாள். மூத்தவன் சிறு அகவையிலேயே உழைக்கப் புகுகிறான். அவன் உழைப்பில் இளையவன் பள்ளிக்குச் செல்கிறான். மூத்தவன் துறைமுகக் கூலியாகிப் பின் கடத்தல்காரன் ஆகிறான். இளையவன் காவல்துறை அலுவலன் ஆகிறான். தாய் இளையவனோடு வெளியேறுகிறாள். இறுதியில் தம்பியின் குண்டு பாய்ந்து, அண்ணன் தாய்மடியில் உயிர் விடுகிறான். குடும்பம் கூடத்தான் கூடுகின்றது. ஒருவன் பிணமான பிறகு!

இக்கதை, 1975-இல் யசு சோப்புரா இயக்கிய 'தீவார்' என்னும் இந்திப் படத்தின் மறுவாக்கம். 'தீவார்' என்றால் சுவர். அப்படத்து அண்ணன், ஆசி மசுத்தான் என்பாரின் வாழ்வை ஓரளவு தழுவியவன் என்பது பரவலாக வழங்கும் செய்தி. அந்த மசுத்தானோ இராமநாதபுரத்துப் பனைக்குளத்தில் பிறந்த தமிழர். பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கிப் பின்னர்க் கடத்தலால் பெருஞ்செல்வம் குவித்தவர். தமிழ்க் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடிப் போன ஒருவரின் நிழல், இந்தி பேசித் திரையேறி, விலைக்கு வாங்கப்பெற்றுத் தமிழுக்கே திரும்பி வந்தது. பருத்தியைக் கொடுத்துவிட்டுத் துணியை விலைக்கு வாங்கிய பழைய கதை இதுதான்.

இதற்கு முன்னும் பின்னும் இவ்வணிகம் நடந்தே வந்துள்ளது. உடன்பிறந்தார் இருவர் எதிரெதிர் நிற்கும் 'கங்கா சமுனா' (1961) என்னும் இந்திப் படமே தமிழில் 'இரு துருவம்' (1971) ஆயிற்று. பிரிந்த உடன்பிறந்தார் மீண்டும் கூடும் 'நாளை நமதே' (1975) படத்தின் வேரும் இந்தியிலேயே இருந்தது. 2006-இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்கட்குத் தமிழக அரசு கேளிக்கை வரியை விலக்கியபோது, பெயர்கள் விரைந்து தமிழாயின. பெயர்ப்பலகை தமிழானால் போதும், உள்ளிருப்பது எதுவாயினும் ஆகுக என்னும் மனநிலை அதனால் மாறிவிடவில்லை.

உடன்பிறந்தார் பகையையும் ஒப்புரவையும் பாட, தமிழர் பிறரிடம் கையேந்த வேண்டுமா? புறநானூற்றைப் புரட்டுவோர் அறிவர். சோழர் குடியினராகிய நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் பகைத்து நின்றபோது, இடையில் போய் நின்றவர் கோவூர்கிழார். இருவரும் சூடியது ஒரே ஆத்திமாலை என்பதையும், எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்பதையும் அஞ்சாது எடுத்துரைத்தார். முதிரமலைத் தலைவன் குமணனின் நாட்டைத் தம்பி இளங்குமணன் பற்றிக்கொள்ள, அண்ணன் காடேகினான். தன்னை நாடி வந்த பெருந்தலைச் சாத்தனார்க்குக் கொடுக்க ஒன்றுமில்லாத நிலையில், தன் தலையைக் கொய்துபோய்த் தம்பியிடம் பொருள் பெறுமாறு தன் வாளையே நீட்டினான் குமணன். புலவர் தலையைக் கொய்யவில்லை. வாளைக் கொண்டுபோய்த் தம்பியின் கண்முன் காட்டினார். வாளைக் கண்ட தம்பி மனம் மாறினான் என்பது வழிவழி வரும் செய்தி.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் இடைநின்றவர் யார்? புலவர், கற்றவர். கல்வி அங்கே பிரிந்தோரைக் கூட்டும் கருவியாயிற்று. 'தீ'யிலோ கற்றவன் கையில் துப்பாக்கி இருக்கின்றது. எந்த அண்ணனின் வியர்வை அவனைப் படிக்க வைத்ததோ, அந்த அண்ணனைத் தளையிடவே அக்கல்வி பயன்பட்டது. கடத்தல் குற்றம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. சட்டம் தன் கடமையைச் செய்யத்தான் வேண்டும். ஆயினும், அண்ணன் அந்த இடத்திற்கு வந்து சேரும்வரை படித்த தம்பி எங்கிருந்தான், என்ன செய்தான் என்னும் வினாவைப் படம் எழுப்பவே இல்லை.

படம் மறந்தது இன்னொன்றும் உண்டு. துறைமுகத்தில் கூலியாட்களின் பணத்தைப் பறிக்கும் கயவரை அடித்து வீழ்த்தும்வரை அண்ணன் தொழிலாளரின் தோழன். அதன்பின் அவன் மேற்சட்டை மாறுகின்றது, மாளிகை வருகின்றது. மூட்டை சுமந்த மற்றையோர் கதையிலிருந்தே மறைந்துபோகின்றனர். அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு விடை வேண்டுவோர் வடசென்னைக்குச் செல்க.

இராயபுரத்தில் 1856-இல் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி நிலையம் எழுந்தது. 1881-இல் சென்னைத் துறைமுகம் கப்பல்களை ஏற்கத் தொடங்கியது. அதற்கு முன்னர், கப்பல் தொலைவில் நிற்க, அலையை ஊடறுத்துப் படகிலே சரக்கையும் ஆளையும் கரைசேர்த்தோர் இக்கடற்கரைப் படகோட்டிகளே. துறைமுகம் வந்தபின் கப்பலின் வயிற்றில் இறங்கி மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கரையில் அடுக்கியோரும் இவர்கள் மக்களே. அன்றாடம் வாயிலில் நின்று, வேலை கிடைத்தால் சோறு, இல்லையேல் பட்டினி என்றிருந்த அந்நிலையைச் சீர்செய்யவே 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1983-இல் இந்தியாவின் முதல் சரக்குப் பெட்டக முனையம் இங்கே அமைந்தது. இரும்புப் பெட்டகத்தைப் பொறி தூக்கி வைத்தது. நூறு முதுகுகள் செய்த வேலையை அது செய்தது. 2001-இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் வந்தது. நிலக்கரித் துகளும் புகையும் பெருகின. மூட்டை தூக்கியவன் பேரன் பெட்டக வண்டிகள் வரிசையாய் நிற்கும் சாலையோரம் வேலை தேடி நிற்கிறான். இதுவே அண்ணனின் உண்மைக் கதை. இதில் மாளிகையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

இந்த அண்ணன்மார்க்குள்ளும் சுவர் எழுந்த நாள் உண்டு. துறைமுகத்திற்கு மேற்கே பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கருநாடக ஆலைகளின் தொழிலாளர் 1921-இல் வேலைநிறுத்தம் செய்தனர். ஆதித்திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, பிறர் நிறுத்தத்தைத் தொடர, ஒரே தறிமுன் நின்றோர் இரு கூறாயினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, குருதி சிந்திற்று. போராட்டம் தோற்றது, ஆலை முதலாளி வென்றான். சாதி என்னும் சுவர் எழும்பிய இடத்தில் தோற்பது எப்போதும் தொழிலாளர் குடியே. கோவூர்கிழார் உறையூரில் சொன்ன உண்மையைச் சொல்ல, புளியந்தோப்பில் ஆள் போதவில்லை.

இனி, தமிழ் பேணுவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவுக்கு வரலாம். வடசென்னை மக்கள் பேசும் தமிழைப் படித்தவர் எவ்வாறு நோக்குகின்றனர்? 'சேரிப் பேச்சு', 'கொச்சை' என்று முகஞ்சுளிப்போர் பலர். திரைப்படமும் நெடுங்காலம் அப்பேச்சை அடியாளுக்கும் நகைப்புக்கும் ஒதுக்கி வைத்தது. தூய தமிழ் வேண்டும் என்போருள்ளும் சிலர், இதனைக் காது கொடுத்துக் கேட்காமலே கடந்து போகின்றனர். அண்ணன் சட்டையில் அழுக்கிருக்கிறது என்று தம்பி எட்டி நிற்பது போன்றது இது.

கேட்டுப் பார்த்தால் தெரியும். படித்த வீடுகளில் 'நிஜமாக', 'சத்தியமாக' என்கின்றனர். இராயபுரத்து மீனவப்பெண் 'மெய்யாலுமே' என்கிறாள். மெய் என்னும் சொல்லை அன்றாடப் பேச்சில் உயிரோடு வைத்திருப்பவள் அவளே! 'வீட்டுக்குப் பக்கத்தில்' என்று பிறர் சொல்ல, அவள் 'வூட்டாண்ட' என்கிறாள். அது வீட்டண்டை என்பதன் மருஉ. பக்கம் என்பதை வடசொல்லோ என்று ஆய்வோர் ஆய்க. அண்டையில் எவர்க்கும் ஐயமில்லை. 'அப்பால', 'குந்து', 'இட்டுக்கினு' யாவும் அப்பால், குந்துதல், இட்டுக்கொண்டு என்னும் தமிழே. கொண்டல் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும் என்று அறிந்த வலைஞன் நாவில் அச்சொற்கள் ஏட்டுச் சொற்கள் அல்ல. உயிர் காக்கும் சொற்கள். கட்டுமரம் என்னும் சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்தவரும் இத்தகைய கடலோடிகளே.

மாறாக, இப்பேச்சின் இழிவுக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பெறும் 'கசுமாலம்' எங்கிருந்து வந்தது? அது அழுக்கு என்னும் பொருளுடைய வடசொல், சேரியில் பிறந்ததன்று. 'பேமானி' உருதுவழி வந்தது. 'துட்டு' ஒல்லாந்தர் காசின் பெயர். துறைமுகத்தில் கப்பல்கள் இறக்கிய சரக்கோடு சொற்களும் இறங்கின. சுமந்தவன் அவற்றையும் சுமந்தான். ஆனால் ஆங்கிலத்தை எவரும் தலையில் ஏற்றாமல் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட அலுவலகத் தம்பியின் பேச்சில் பத்துக்கு எத்தனை சொல் தமிழ் என்று எண்ணிப் பார்த்தால், வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது விளங்கும்.

'அங்ஙனமாயின் கலப்பை ஒப்புக்கொள்வதா?' என்று கேட்கப்படலாம். வேண்டுவதில்லை. கலப்பு எவர் வாயில் இருப்பினும் கலப்பே, களையத்தான் வேண்டும். களையெடுப்போன் முதலில் பயிரை அறிந்திருக்க வேண்டும் என்பதே இங்குக் கருத்து. பயிரையும் களையையும் ஒன்றாய்ப் பிடுங்கி எறிபவன் உழவன் ஆகான். அண்ணன் வீட்டில் குப்பை இருந்தால், உள்ளே சென்று, உடனமர்ந்து உண்டு, இருவரும் சேர்ந்து பெருக்குவதே முறை. தெருவில் நின்று பழிப்பதில் உறவும் வளராது, மொழியும் வளராது.

அவ்வாறு உள்ளே சென்றோர் முன்னும் இருந்தனர். திரு.வி.க. 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தார்; ஆலைத் தொழிலாளர் நடுவே நல்ல தமிழில் பேசினார்; மேடைத் தமிழ் என்னும் ஒன்று உருவானதில் அத்தொழிலாளர் காதுகட்கும் பங்குண்டு. மீனவர் குடியிற் பிறந்து வழக்கறிஞரான சிங்காரவேலர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார். படித்த தம்பி அண்ணனைத் தேடிச் சென்ற வரலாறு இது. வள்ளலாரும் ஏழுகிணற்றுத் தெருவிலிருந்து ஒற்றியூருக்கு நடந்து சென்ற காலடிகள் பட்ட மண் அது. அம்மண்ணைத் தமிழுக்கு அயலானதாக எவரும் கருதலாகாது.

இதைத் திரைத்துறையினர் தமிழன்பர்க்கு முன்பே ஓரளவு உணர்ந்துகொண்டனர். 'மெட்ராசு' (2014), 'வடசென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகிய படங்களில் அப்பேச்சு கதைத்தலைவனின் பேச்சாகவே ஒலித்தது. நகைப்புக்கு ஆளான நாவுக்கு நிமிர்வு கிடைத்தது. எனினும், 2024-இல் வந்த 'இராயன்' படத்திலும் அண்ணன் வளர்த்த தம்பியரே அவனுக்குப் பகையாகின்றனர்; கத்தியே மீண்டும் பேசுகின்றது. 'தீ' தொடங்கி 'இராயன்' வரை நாற்பது ஆண்டுகட்கு மேலாகியும், இடைநின்று கூட்டும் ஒரு சாத்தனாரைத் தமிழ்த் திரை படைக்கவில்லை. தமிழ் நாட்டுத் தெருவிலேயே அவர் அரிதாகிவிட்டால், திரையில் எங்கிருந்து வருவார்?

ஆதலின் தமிழ் கற்றோர் செய்ய வேண்டுவது ஒன்று. திங்களுக்கு ஒரு ஞாயிறேனும் இராயபுரம் மீன்பிடித் துறைக்கும், திருவொற்றியூர்ப் பட்டறைகட்கும், எண்ணூர்க் குப்பங்கட்கும் செல்க. திருத்துவதற்கு முன் கேட்க. வலைஞர் சொல், படகோட்டி சொல், பட்டறைச் சொல் ஆகியவற்றை ஏட்டில் எழுதிக்கொள்க. புதிய கருவிகட்குப் பெயர் தேடி அகரமுதலிகளைப் புரட்டுவோர்க்கு அங்கே ஆயிரம் சொற்கள் வேலையின்றிக் காத்திருக்கின்றன. கேட்டதற்கு ஈடாக, அக்குடிகளின் பிள்ளைகட்கு மாலைப் பொழுதில் தமிழும் கணக்கும் கற்றுக் கொடுக்க.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பர். அண்ணன் மூட்டை சுமந்தான், தம்பி படித்தான். படித்த தம்பியின் கடன் இன்னும் தீரவில்லை. குமணனின் வாள் இன்றும் நீண்டே இருக்கின்றது. அதைக் கையேந்தி நடுவில் நிற்கும் புலவர் முன்வருக!