வாசலுக்கு முன்னால் யார் நிலம்?

நம் நகரத் தெருக்களில் புதுவகை எல்லைக்கற்கள் முளைத்திருக்கின்றன. நில அளவைத் துறை அவற்றை நடவில்லை. பழைய பெயிண்டு டப்பாவில் சிமெண்டுக் கலவையை ஊற்றி நடுவே இரும்புக் குழாயைச் செருகி வைப்பார் ஒருவர். வெள்ளையடித்த கருங்கல்லை உருட்டி வைப்பார் மற்றொருவர். கால் ஒடிந்த நாற்காலி, செடி பட்டுப்போன பூந்தொட்டி எனக் கையில் கிடைத்ததை வைப்பாரும் உளர். போதாததற்கு ஒரு பலகை: 'இங்கே வண்டி நிறுத்தாதீர், மீறினால் பஞ்சர் செய்யப்படும்.' அதே வாயிலின் நிலைக்கு மேலே திரு இருதயப் படம் மாட்டியிருக்கிறது. வீட்டைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தோம் என்கிறோம்; தெருவையும் சேர்த்தா ஒப்புக்கொடுத்தோம்?

'என் வீட்டுக்கு முன்னால் இருக்கும் இடம் என்னுடையது' என்ற எண்ணமே இந்தச் சண்டைகள் அனைத்துக்கும் வேர். இதனைவிடப் பரவலாக நம்பப்படும் பொய் நம்மிடையே வேறில்லை எனலாம். இதைப் பொய்யென்று காட்ட வழக்கறிஞர் வேண்டாம். பீரோவில் பூட்டி வைத்திருக்கும் கிரயப் பத்திரமே போதும். அதன் சொத்து விவரப் பகுதியை எடுத்துப் படியுங்கள். சக்குபந்தி என்று நான்கெல்லைகள் எழுதியிருக்கும்: இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் மனைக்கு வடக்கு, இன்ன தெருவுக்கு மேற்கு. தெருவுக்கு மேற்கே உங்கள் மனை என்றால், தெரு உங்கள் மனைக்கு வெளியே இருக்கிறது என்பதுதானே பொருள்? பல இலட்சம் கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதி, சார்பதிவாளர் முன் கையொப்பமிட்ட ஆவணம், நம் உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்று நமக்கே எடுத்துரைக்கிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை. வங்கியில் கடன் கேட்கும் நாளில் மட்டும் அது வெளியே வருகிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாயிற்கதவை அடைத்து வண்டி நிறுத்துவது வேறு. மதிற்சுவரை ஒட்டி நிறுத்துவது வேறு. பொதுச்சாலையை ஒட்டி வீடு உள்ளவருக்கு அச்சாலைக்குப் போய்வரும் உரிமை உண்டு. 1989-இல் வந்த சாலை ஒழுங்குமுறைகளும், அவற்றின் இடத்துக்கு 2017-இல் வந்தவையும், வளாக நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்துவதைத் தடுக்கின்றன. ஆகவே, பிரசவ வலி கண்ட மகளை வெளியே கொண்டுவர முடியாமல், கதவுக்கு முன் நிற்கும் அயலாரின் காரைப் பார்த்துக் கொதிப்பவரின் சினம் நியாயமானதே. அவர் காவல் நிலையத்தை அழைப்பதும் நியாயமே. ஆனால் நடப்பது என்ன? கதவின் பத்தடிக்கு உள்ள அந்த நியாயத்தை, நாற்பதடி மதிலின் நீளத்துக்கும் இழுத்துக்கொள்கிறோம். வாயிலுக்கு உள்ள பாதுகாப்பு சுவருக்கும் உண்டென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

'சாலை வரி கட்டியிருக்கிறேன்' என்பர் சிலர். வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு வரி கட்டினீர்கள்; இரவெல்லாம் அதைச் சாலையில் உறங்க வைப்பதற்கன்று. எதிர்வீட்டுக்காரரும் கட்டியிருக்கிறார் என்பது வேறு. 'இருபது ஆண்டுகளாக இந்த இடத்தில்தான் நிறுத்துகிறேன்' என்பர் வேறு சிலர். அனுபவ பாத்தியம் என்ற சொல்லை எங்கோ கேட்ட துணிவு இது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு என்ற கணக்கு உண்டு. ஆனால் காலையில் எடுத்து மாலையில் கொண்டுவந்து விடும் காரினால் நிலம் எவருடைய கைவசமும் ஆகிவிடாது. ஒருமுறை பொதுச்சாலையானது என்றும் பொதுச்சாலையே என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு.

இவையெல்லாம் அறியாமையினால் வருவன என்று விட்டுவிடலாம். அறிந்தே செய்யும் ஒன்று உண்டு. அதுவே எனக்கு உறுத்துகிறது. வீடு கட்டும்போது கார் நிறுத்த இடம் விட்டுத்தான் வரைபடம் போடுகிறோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, கட்டடத்தின் அளவுக்கேற்ப வண்டி நிறுத்துமிடத்தை மனைக்குள்ளேயே காட்ட வேண்டும் என்கின்றன. காட்டுகிறோம், ஒப்புதல் பெறுகிறோம், பிறகு அந்த இடத்துக்கு ஒரு இரும்பு ஷட்டர் போட்டு நகலெடுக்கும் கடைக்கோ, தையற்கடைக்கோ வாடகைக்கு விடுகிறோம். கார் தெருவுக்கு வருகிறது. தெருவில் இடத்தைப் பிடித்துவைக்கக் கருங்கல் வருகிறது. இவ்வாறு மாதந்தோறும் நம் கைக்கு வரும் வாடகை உண்மையில் எதற்கான வாடகை? தெருவின் எழுபது சதுர அடியை எடுத்துக்கொண்டதனால்தானே உள்ளே எழுபது சதுர அடி காலியாயிற்று? ஊராருடைய நிலத்தை நாம் வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்பதுதான் இதற்கு நேரான பெயர். ஏழாம் கட்டளையைப் பற்றி ஆன்மச் சோதனை செய்யும்போது கடையில் மிச்சச் சில்லறை கூடுதலாக வாங்கியதை நினைக்கிறோம்; இதை நினைத்தவர் எத்தனை பேர்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே கதை வேறுருவில் நடக்கிறது. தரைத்தளத்துத் தூண்களுக்கிடையே உள்ள இடத்தைக் கட்டுநர் தனியே விலை பேசி விற்பதும், வாங்கியவர் சங்கிலி போட்டுப் பூட்டுவதும் வழக்கம். மகாராட்டிரச் சட்டத்தையொட்டி எழுந்த ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், அந்த இடம் குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான பகுதி, தனியாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சங்கிலிகள் இன்னும் தொங்குகின்றன.

ஒரு தெருவை அளந்து பார்ப்போம். இருபதடித் தெரு என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் கார் ஏறுவதற்கென்று வீட்டார் கட்டிய சாய்தளங்கள் பக்கத்துக்கு இரண்டரை அடி, மீதி பதினைந்து. அதற்கப்பால் இருபுறமும் ஐந்தரை அடி அகலமுள்ள கார்கள், மீதி நான்கடி. இந்த நான்கடியில்தான் பள்ளிப் பிள்ளைகள் நடக்க வேண்டும், காய்கறித் தள்ளுவண்டி வர வேண்டும், கைத்தடி ஊன்றிய மூதாட்டி திருப்பலிக்குப் போக வேண்டும். ஆம்புலன்சு வராது. இறந்தவரின் பேழையை நால்வர் தோள்கொடுத்துத் தூக்கிவரவும் இயலாது. கார் இல்லாதவர்கள் இந்தச் சண்டையில் ஒரு கட்சியே அல்லர் என்பதைக் கவனியுங்கள். இரண்டு கார்க்காரர்கள் யாருக்கு இடம் என்று பொருதுகிறார்கள், இழந்தவன் நடப்பவன். அவன் பலகை எழுதி மாட்டுவதில்லை.

தெரு பொது என்பது நமக்குத் தெரியாததா? பங்குத் திருவிழாவில் தேர்ப்பவனி வரும் இரவை எண்ணிப் பாருங்கள். அன்று மாலையே ஒவ்வொருவரும் கல்லை எடுக்கிறோம், காரை வேறெங்கோ கொண்டு விடுகிறோம், வாசலில் கோலமிட்டு மெழுகுதிரி ஏற்றுகிறோம். எவரும் பட்டாவைக் காட்டித் தேரை மறிப்பதில்லை. மறுநாள் காலையில் கல் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

'எது பொது, எது தனியார் என்று எப்படி அறிவது? தாலுகா அலுவலகத்துக்கு அலைய முடியுமா?' என்ற சாக்கு முன்னொரு காலத்தில் எடுபட்டிருக்கலாம். இன்று வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதும், புல வரைபடமும், 'அ' பதிவேட்டின் விவரமும் கிடைக்கின்றன. ஒரு நிலம் புறம்போக்கா என்பதையும் பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரம் உண்டு. மிகப் பழைய ஆவணங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று தேட வேண்டும். பட்டா ஒன்றே உரிமையை முடிவு செய்துவிடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் மாறிப் பதிவான பட்டாக்கள் பல. எனவே மூலப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, புல வரைபடம் இவற்றைச் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்கள் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்குப் போயிருக்கும். அங்கீகாரமற்றதில் தெரு இன்னும் மனை விற்றவரின் பெயரிலேயே கிடக்கலாம். அங்கேதான் 'பாதையும் எனக்கே விற்கப்பட்டது' என்று ஒருவர் வேலி போடுவார். அப்போதும் வரைபடத்தைக் காட்டி மனை வாங்கிய மற்றவர்களின் நடைபாதை உரிமை மறைந்துவிடுவதில்லை.

இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு செக்கேலுக்கு வாங்கிய செய்தியைத் திருவிவிலியத்தில் பார்க்கிறோம். சாட்சிகள் முன் எழுதி, முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாக இரண்டையும் மண்கலத்தில் இட்டு வைக்கச் சொல்கிறார். மூடிய படி மாற்றாமலிருக்க; திறந்த படி எவரும் பார்த்துக்கொள்ள. எதிரிப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையிலும் நிலத்துக்கு எழுத்து வேண்டும், அந்த எழுத்து வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று எண்ணிய ஒருவரின் வழிவந்தவர்கள் நாம். கைப்பேசியிலேயே கிடைக்கும் திறந்த படியைப் பார்க்காமல் மூன்று தலைமுறைப் பகையை வளர்க்கிறோம்.

பாராமலிருப்பதற்குக் காரணம் உண்டு. பார்த்தால் ஒருவேளை நம் சாய்தளம்தான் முதலில் இடிபட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 'இது யாருடைய நிலம்?' என்ற கேள்வி நம் ஊர்களில் மேலிருந்து கீழ்நோக்கியே கேட்கப்படுகிறது. கார் வைத்திருப்பவரைப் பார்த்து எவரும் கேட்பதில்லை. சந்தின் மூலையில் ஓட்டு வீட்டில் இருக்கும் கைம்பெண்ணைப் பார்த்துக் கேட்கிறோம்: 'உன்னிடம் பட்டா இருக்கிறதா?' இல்லை என்பார். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் எடுத்துக் காட்டுவார். உடனே அவர் ஆடு கட்டும் முற்றம் புறம்போக்கு ஆகிவிடுகிறது. புறம்போக்கு என்றால் நம் கார் நிற்கலாம் என்று ஆகிவிடுகிறது. கிராம நத்தம் குடியிருப்புக்கென்றே விடப்பட்ட நிலம்; நத்தம் நில அளவை நடக்கும்வரை அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்களுக்கும் பட்டா இருந்ததில்லை. நத்தத்தை வெறும் அரசுப் புறம்போக்கு என்று தள்ளிவிட முடியாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் பன்முறை கூறியிருக்கிறது. இதை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. படித்த நமக்குத் தெரிந்தும் சொல்வதில்லை. தாளில்லாதவளின் முற்றத்தில் நிற்கும் காரின் கண்ணாடியிலும் ஒரு செபமாலை தொங்குகிறது.

சண்டை முற்றியதும் இரு தரப்பும் பங்குத்தந்தையிடம் ஓடுகிறோம். 'சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்' என்கிறோம். சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லும்படி கேட்ட ஒருவருக்கு நம் ஆண்டவர், தாம் அதற்கு நடுவரல்லர் என்று மறுத்துப் பேராசையைப் பற்றிப் பேசியதை லூக்கா எழுதியிருக்கிறார். பங்குத்தந்தை நில அளவரும் அல்லர். அவர் எவர் பக்கம் பேசினாலும் மற்றவர் அடுத்த ஞாயிறு முதல் வேறு பங்குக்குப் போய்விடுவார். அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் என்பதே இந்தக் கார்களால் முடிவாகும் தெருக்கள் உண்டு. இருவரும் சேர்ந்து நில அளவைக்கு ஒரு மனுக் கொடுத்தால் என்ன? கட்டணம் கட்டினால் அளவர் வருவார்; இரு வீட்டாரும் உடனிருக்க அளந்து கல் நடுவார். நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923 முதலே இருக்கிறது. அவர் நட்ட கல்லைப் பிடுங்குவது 1860-இன் தண்டனைச் சட்டத்திலும் குற்றம். 2024 சூலை முதல் அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். பெயிண்டு டப்பாக் கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இறுதியாக நம் கோயில் வாசலுக்கு வருவோம். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வரும் கார்கள் கோயில் தெருவின் இருமருங்கிலும் நிற்கின்றன. அத்தெருவில் நம் மறையைச் சாராத குடும்பங்களும் உள்ளன. ஒன்றரை மணி நேரம் அவர்கள் கதவைத் திறந்து வண்டியை எடுக்க முடிவதில்லை. கேட்டால் 'பூசை முடியட்டும்' என்று சொல்லி அனுப்புகிறோம். நம் வீட்டு வாசலில் பிறர் நிறுத்தினால் பஞ்சர். பிறர் வாசலில் நாம் நிறுத்தினால் பக்தி. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்குக் கோயில் தெருவின் புல வரைபடத்தைப் பதிவிறக்கி ஒருவர் கொண்டுவரட்டும். நூறடி டேப்பைப் பிடிக்க இரண்டு இளைஞர்கள் போதும். வாயிற்கதவுகளை விட்டு, நடப்பவர்க்கு வழியை விட்டு, எஞ்சிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்கட்டும். முதலில் நகர வேண்டிய கார்கள் பேரவை உறுப்பினர்களுடையவை என்பது அப்போது தெரிந்துவிடும்.