நடத்துநர் தடியை ஓங்கினாரா?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடவேளையில் இசை நிகழ்ச்சி பற்றிய ஒரு சிறு பகுதியை வாசிக்கக் கொடுத்திருந்தேன். 'கண்டக்டர்' தம் 'பேட்டனை' உயர்த்தினார், அரங்கம் அமைதியானது என்று அப்பகுதி தொடங்கும். வாசித்ததைத் தமிழில் சொல்லுமாறு கேட்டேன். "பேருந்து நடத்துநர் தடியை ஓங்கினார், எல்லாரும் பயந்து அமைதியானார்கள்" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். (இக்காலப் பிள்ளைகள் பேருந்து நடத்துநரை நேரில் எங்கே கண்டார்கள்? தமிழ்த் திரைப்படத்தில் கண்டதுதான்!)

சிரித்தது தவறு என்பது பிறகுதான் உறைத்தது. அகராதி தந்த பொருள்களை அவன் பிழையின்றியே கோத்திருந்தான். பல்லியப் குழுவின் முன்னே நின்று கையசைத்து வழிநடத்தும் ஒருவரை அவன் கண்டதில்லை, குறை அவ்வளவுதான்.

ஆங்கில இசைச் சொற்களைப் பட்டியலாக எழுதிப் போட்டு, எதிரே தமிழ்ப் பொருளை எழுதி மனனம் செய்யச் சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. இச்சொற்களுள் பல, அன்றாடச் சொற்களின் உருவத்தில் ஒளிந்திருப்பவை. 'கீ' என்றால் பிள்ளைக்குச் சாவி. 'ராக்' என்றால் பாறை. 'ஸ்கேல்' என்றால் மீன் செதில். இசையில் வரும் 'ஸ்கேல்' ஏணிப்படியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சுரங்கள் படிப்படியாக ஏறி இறங்குவதைப் பாடிக் காட்டினால், ஆரோகணம் அவரோகணம் அறிந்த பிள்ளைக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும். 'ராக்' என்பதோ அசைந்தாடுதல். அதற்கும் கல்லுக்கும் தொடர்பில்லை.

'ஆல்பம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறார்கள். பாட்டுத் தொகுப்புக்குப் படத்தொகுப்பின் பெயர் ஏன் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே பதிய முடியும். ஆகவே, நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, படத்தொகுப்பு ஏடு போன்ற அட்டைக்குள் அடுக்கி விற்றார்கள். 1948ஆம் ஆண்டில் நீண்டநேர இசைத்தட்டு வந்து, ஒரே தட்டில் பல பாடல்கள் அடங்கிய பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதை ஒருமுறை சொன்னால் பிள்ளை மறக்குமா?

'கிளாசிக்கல்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொதுப்பேச்சில் மேலைச் செவ்வியல் இசை முழுவதையும் அது குறிக்கும். இசை வரலாற்றிலோ ஏறக்குறைய 1750 முதல் 1820 வரையிலான காலத்தை, அதாவது ஹைடன், மொசார்ட் வாழ்ந்த காலத்தை மட்டும் குறிக்கும். 1750இல் மறைந்த பாக் அந்தக் குறுகிய பொருளில் அதில் சேரார். ஆசிரியர்களாகிய நாமே இதைக் குழப்பிக்கொள்கிறோம்.

நானும் குழம்பியவள்தான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில் ஒரு பல்லிய நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். முதற்பகுதி முடிந்ததும் உளமாரக் கைதட்டினேன். சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்த்தார்கள். 'மூவ்மெண்ட்' என்றால் அசைவு என்று மட்டுமே அறிந்திருந்தேன். பல பகுதிகள் சேர்ந்த ஒரு பெரும்படைப்பின் ஒரு பகுதி அது என்பதும், எல்லாம் முடிந்த பின்னரே கைதட்டுவது இக்கால வழக்கம் என்பதும் தெரியாது. பல்லாண்டுகள் கழித்தே ஓர் ஆறுதல் கிடைத்தது. 1778இல் பாரிசில் தம் படைப்பின் இடையிலேயே அவையோர் கைதட்டியதை மொசார்ட் மகிழ்ந்து தம் தந்தைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்! அன்று நான் கூனிக்குறுகியது என்னவோ உண்மை. இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள், பிற இனப் பிள்ளைகள் நடுவே அப்படிக் குறுகி நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"இது தேர்வில் வருமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இக்கேள்வி மட்டும் நீங்கவில்லை. "நம் இசையே பிள்ளைக்குத் தெரியவில்லை, வெள்ளைக்காரன் இசை எதற்கு?" என்பாரும் உளர். அவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரை நினைவூட்டுவேன். ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் பாடல் புனைந்தவர் அவர். 'நோட்டுசுவரம்' என்று அவற்றை வழங்குகிறோம்; அதிலுள்ள 'நோட்டு' ஆங்கிலச் சொல்லே. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சொல்லும் கருவியும் நம்மிடம் வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன.

மறுநாள் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் காணொளியை வகுப்பில் இரண்டே நிமிடம் ஒளிபரப்பினேன். நடத்துநர் என்று சொன்ன அதே மாணவன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், அவர் தாளம் போடுகிறார்!" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனால், அந்தக் குச்சியில் சத்தமே வரவில்லையே, பின்னால் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அடுத்த பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போயிற்று.