பதிவேட்டில் உங்கள் பெயர்

வலி தணிப்புச் சிகிச்சைக்கு வருவோர் தயங்கித் தயங்கி எங்களிடம் கேட்பது ஒன்று உண்டு: "பெயரை எழுதிக்கொள்ளாமல் இந்த மாத்திரையைத் தர முடியாதா, டாக்டர்?" மார்ஃபின் என்றதும் பலருக்குக் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்த அச்சம் இன்னும் கூடுதல். இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாகச் சுருக்கி, மீதி வலியைப் பொறுத்துக்கொள்வோரை நாங்கள் காண்கிறோம். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

பெயர் எழுதப்படத்தான் வேண்டும். சட்டம் அவ்வாறு சொல்கிறது. எங்கள் கருத்தும் அதுவே. ஒருவர் ஓரிடத்தில் தூக்க மாத்திரையும் இன்னோரிடத்தில் மார்ஃபினும் வாங்கி, இரு மருத்துவரிடமும் சொல்லாதிருந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. கணக்கில்லாத மாத்திரை வீட்டை விட்டு வெளியே போனால் அது எவர் கைக்குப் போகும் என்பதையும் சொல்ல இயலாது.

ஆனால் கட்டுப்பாடு அளவு மீறினால் நேர்வதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், உரிமங்களின் சிக்கலுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே கைவிட்டன. புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி சற்றுத் திறந்தது. அந்த வழியை இப்போது வெட்கம் அடைத்துவிடக் கூடாது.

பதிவேட்டில் அப்படி என்னதான் எழுதுகிறார்கள்? டிரமடால், அல்பிரசோலம் போன்றவை அட்டவணை எச்1இல் உள்ளவை. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயின் பெயரை விதி கேட்கவில்லை. காசநோய் மருந்துகளும், காய்ச்சலுக்குத் தரப்படும் செஃபிக்சிமும்கூட இதே அட்டவணையில்தான் உள்ளன. எனவே அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் போதைக்கு அடிமை ஆகிவிடுவதில்லை. அதைப் பார்வையிடும் அதிகாரம் மருந்து ஆய்வாளர் போன்ற அலுவலர்க்கு உண்டு. அடுத்த வாடிக்கையாளருக்குக் கிடையாது.

குறை நேர்வது பெரும்பாலும் கடை வாசலில். பதிவேடு விரித்தபடி கிடக்கிறது. "யாருக்கு? கேன்சரா?" என்ற கேள்வி தெரு வரை கேட்கிறது. உறவினர்களும் மருந்துச் சீட்டைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அன்பினால்தான், ஆனாலும் நோயாளியின் அனுமதியைக் கேட்டவர் எத்தனை பேர்?

தாளில் உள்ளவை கணினிக்கு மாறும் காலத்தில் கவலை வேறு வடிவம் எடுக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய மருந்துச் சீட்டுகளை மாநிலந்தோறும் மின்னணுப் பதிவில் சேர்க்கிறார்கள்; மருத்துவர் பார்த்துவிட்டு எழுதுகிறார். நல்ல ஏற்பாடே. ஆயினும் ஓரிகன் மாநிலத்தில், நீதிமன்ற ஆணையின்றிக் காவல் துறைக்கு விவரம் தரலாகாது என்று மாநிலச் சட்டம் இருந்தும், மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறை வெறும் துறை ஆணையைக் காட்டிக் கேட்க, அது வழக்காயிற்று. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இங்கு அப்படியொரு பதிவு வருமானால், சிகிச்சை அளிப்பவர் மட்டும் அதைத் திறக்கட்டும். திறந்தவர் பெயரும் நேரமும் அதிலேயே பதியட்டும். விசாரணைக்கு வேண்டுமெனில் நீதிமன்றத்தின் வழியே கேட்கட்டும். வேலை கொடுப்பவரும் காப்பீட்டு நிறுவனமும் அதன் பக்கமே வரலாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதுவரை, கடையில் நோயைப் பற்றிக் கேட்டால் நீங்கள் விடை சொல்லத் தேவையில்லை. "சீட்டு எழுதிய மருத்துவரைக் கேளுங்கள்" என்றால் போதும். எங்களிடம் மட்டும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் வைத்திராமல் எங்கள் பிரிவில் திருப்பிக் கொடுங்கள். எண்ணிக் கணக்கில் எழுதிக்கொள்வோம்.