வாங்கின விலை வரட்டும்!

இல்லத்தரசிகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பீரோவின் உள் அறையில் என்னென்ன இருக்கின்றன? கல்யாணப் பட்டுப் புடவை, நாலு வெள்ளிக் கிண்ணம், வீட்டுப் பத்திரம், ஜாதகக் கட்டு – எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவீர்கள். அவற்றுக்கு அடியில் பழுப்பு உறை ஒன்று கிடக்கிறதே, அதில் என்ன? “அது அவருடைய ஷேர் காகிதம். எனக்கு அதெல்லாம் தெரியாது” என்பீர்கள். இந்த வாரம் அந்த உறையைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பழங்காநத்தத்தில் எங்கள் எதிர் வீட்டில் அப்படி ஓர் உறை இருக்கிறது. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஷேர். பெயர் இங்கே வேண்டாம். வீட்டுப் பெரியவர் 2000-ம் வருஷம் வாங்கியது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம்!

“விற்றுத் தொலையுங்களேன்னு நானும் சொல்லிப் பார்த்தேம்மா. ‘வாங்கின விலை வரட்டும், மறுநாளே விற்றுடறேன்’னார். கடனை வாங்கித்தான் பெண்ணைக் கட்டிக் கொடுத்தோம். இப்போ பேரனே காலேஜுக்குப் போறான். வாங்கின விலை இன்னும் வந்தபாடில்லை!” என்கிறார் அந்த வீட்டு அக்கா.

கதை அதோடு முடியவில்லை. பேரப் பிள்ளை செல்போனிலேயே அமெரிக்க ஷேர் வாங்குகிறவன். சித்திரச் சில்லு, அதாவது கிராபிக்ஸ் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் தன் சேமிப்பைப் போட்டான். விலை இறங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை பிள்ளைக்கு. “விற்றுடேன்டா” என்றாராம் பாட்டி. பேரன் என்ன சொன்னான் தெரியுமா? “வாங்கின விலை வரட்டும் பாட்டி!”

தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே கால் நூற்றாண்டு இருக்கிறது. வசனம் மட்டும் மாறவில்லை. இந்த வசனம் எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போமா?

முதலில் நம் சென்னையிலேயே நடந்த ஒன்று. பென்டாஃபோர் என்று வளர்ந்து, பிறகு பென்டாமீடியா கிராபிக்ஸ் என்று பெயர் மாறிய கம்பெனியை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது வெறும் பெயர்ப் பலகைக் கம்பெனி அல்ல. 2000-ம் ஆண்டில் சிந்துபாத் கதையை முழு நீளக் கம்ப்யூட்டர் சித்திரப் படமாகக் கொண்டு வந்தது. நடிகர்களின் உடல் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, அதையே சித்திரப் பாத்திரங்களுக்குக் கொடுக்கும் முறை அது. ஒரு முழுப் படத்தையும் அந்த முறையிலேயே எடுத்தது உலகத்தில் அதுவே முதல் தடவை. ஹாலிவுட் நடிகர் பிரெண்டன் ஃப்ரேஸர் சிந்துபாத்துக்குக் குரல் கொடுத்தார். அதே கம்பெனியின் ‘பாண்டவாஸ்’ படம் ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் விருது வேறு, வசூல் வேறு அல்லவா? அமெரிக்கத் தியேட்டர்களில் சிந்துபாத்தின் வசூல் 30,000 டாலரைக்கூட எட்டவில்லை.

ஷேர் மார்க்கெட்டோ அந்தச் சமயம் தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. 2000 பிப்ரவரியில் மும்பை சென்செக்ஸ் 6,000 புள்ளியைத் தாண்டிற்று. கேதன் பாரேக் என்ற தரகர் வாங்கி வாங்கி விலை ஏற்றிய ஷேர்களுக்கு ‘கே-10’ என்றே பெயர் வழங்கியது. அந்தப் பட்டியலில் பென்டாமீடியாவும் பேசப்பட்டது. ஷேர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போயிற்று. 2001 மார்ச் 30-ந் தேதி கேதன் பாரேக் கைதானார். செப்டம்பரில் சென்செக்ஸ் 2,600-க்கு வந்து நின்றது. பென்டாமீடியா ஷேர் நாளடைவில் பத்து ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. உச்சத்தில் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர், வாங்கின விலை வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

“அப்படியானால் விலை இறங்கினால் உடனே விற்றுவிட வேண்டுமா?” என்று கேட்பீர்கள். அதுவும் சரியல்ல. பேரன் போட்ட சித்திரச் சில்லு வியாபாரத்திலேயே இரண்டு விதமும் நடந்திருக்கிறது.

திரையில் படம் ஓட, ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போடுவது இந்தச் சில்லின் வேலை. இதில் ஒரு வருஷம் சரக்கு பிந்தினால் கம்பெனி படுத்துவிடும். தீபாவளி முடிந்த பிறகு பட்டாசுக் கடை வைத்த மாதிரிதான். அமெரிக்காவில் த்ரீடிஎஃப்எக்ஸ் என்று ஒரு கம்பெனி. 1996-ல் வந்த அதன் ‘வூடூ’ சில்லுக்கு விளையாட்டுப் பிரியர்களிடம் ஏகப்பட்ட கிராக்கி. சில்லை மட்டும் செய்து மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள், தாங்களே அட்டையும் செய்து விற்கிறோம் என்று ஒரு தொழிற்சாலையை வாங்கினார்கள். சுங்குடிக்காரர்களுக்குச் சாயம் கொடுத்துக்கொண்டிருந்த வியாபாரி, எதிரிலேயே தானும் சேலைக் கடை திறந்தால் என்ன ஆகும்? பழைய வாடிக்கைக்காரர்கள் போட்டிக் கம்பெனிகளிடம் போய்விட்டார்கள். புதுச் சில்லும் பிந்திற்று. 2000 டிசம்பரில் முக்கியமான சொத்துக்களை என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2002-ல் கம்பெனி திவாலாயிற்று. திவாலான கம்பெனியில் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் ஷேர்காரருக்கு. வரிசையில் கடைசி ஆள் அவர்தான். வாங்கின விலைக்குக் காத்திருந்தவர்கள் எதற்குக் காத்திருந்தார்கள், பாருங்கள்!

இன்னொரு கம்பெனி ஏ.எம்.டி. 2006-ல் ஏ.டி.ஐ. என்ற சித்திரச் சில்லுக் கம்பெனியை 540 கோடி டாலருக்கு வாங்கி, கடனில் மூழ்கிற்று. 2013-ல் ஆஸ்டின் நகரத்திலிருந்த தன் ஆபீஸ் வளாகத்தையே விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. 2015-ல் ஷேர் விலை 2 டாலருக்கும் கீழே! அதே ஷேர் 2021-ல் 100 டாலரைத் தாண்டிற்று.

“பார்த்தீர்களா, பொறுத்தார் பூமி ஆள்வார்!” என்று தாத்தா கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். கொஞ்சம் உட்காருங்கள். ஏ.எம்.டி. பிழைத்தது ஷேர்காரர்களின் பொறுமையினால் அல்ல. 2013-ல் வந்த இரண்டு பெரிய வீட்டு விளையாட்டுப் பெட்டிகளுக்கும் அதன் சில்லுதான். அதனால் பணம் வரவு நிற்கவில்லை. 2014-ல் தலைமைக்கு வந்த லிஸா ஸு அம்மையார் பல காரியங்களை விட்டுவிட்டு ஒரு புதுச் சில்லில் முழுக் கவனம் வைத்தார். அது 2017-ல் சந்தைக்கு வந்து ஜெயித்தது. த்ரீடிஎஃப்எக்ஸ் ஷேர்காரர்களும் பொறுமைசாலிகள்தாம். ஆனால் அவர்களுடைய கம்பெனியில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆக, விலை இறங்கியது என்பது மட்டும் ஒன்றையும் சொல்லாது. நாம் வாங்கின விலையோ அதைவிடக் குறைவாகச் சொல்லும். அது நம் மனத்தில் மட்டும் இருக்கிற எண். கம்பெனிக்கு அது தெரியாது. அதற்காக அது ஒரு சில்லு கூடுதலாக விற்கப் போவதுமில்லை. “விற்காதவரை நஷ்டமில்லை” என்பதும் நம்மை நாமே தேற்றிக்கொள்ளும் பேச்சுத்தான். கத்தரிக்காய் வாடினது கூடையில் இருக்கும்போதே வாடினதுதானே?

அப்படியானால் எதைக் கேட்பது? ஒரே கேள்வி: “இன்றைக்கு இந்த ஷேர் நம்மிடம் இல்லை, இதன் இன்றைய விலைக்குச் சமமான பணம் மட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தைக் கொடுத்து இதையே வாங்குவோமா?” வாங்குவோம் என்றால் தாராளமாக வைத்திருக்கலாம். மாட்டோம் என்றால் வைத்திருப்பானேன்?

இதற்குப் பதில் சொல்லக் கம்பெனியின் வருஷ அறிக்கையில் நாலு விஷயம் பார்த்தால் போதும். காகித லாபம் இருக்கட்டும், வியாபாரத்திலிருந்து ரொக்கம் உள்ளே வந்ததா? கடன் ஏறுகிறதா, இறங்குகிறதா? புதிது புதிதாக ஷேர் வெளியிட்டு, நம் பங்கை மோரில் தண்ணீர் விட்ட மாதிரி நீர்க்கச் செய்கிறார்களா? முதலாளிகள் தங்கள் ஷேர்களை அடகு வைத்திருக்கிறார்களா? இந்தக் கடைசி விவரத்தை இந்தியக் கம்பெனிகள் வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2009-லிருந்து செபி கட்டாயமாக்கியிருக்கிறது.

இனி உறைக்குள் காகிதமாகவே ஷேர் வைத்திருப்பவர்களுக்கு. 2019 ஏப்ரலிலிருந்து காகித ஷேரை நேரே இன்னொருவருக்கு விற்று மாற்ற முடியாது. டீமாட் கணக்கில் ஏற்றின பிறகுதான் விற்பனை. தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்டு வாங்காமல் கிடந்தால், அந்தப் பணமும் ஷேரும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம், உரியவர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். நஷ்டத்துக்கு விற்றாலும் முழுக்க வீண் அல்ல. கெடுவுக்குள் வருமான வரிக் கணக்கில் காட்டினால், பின்னால் வேறு ஷேரில் வரும் லாபத்தோடு 8 வருஷம் வரை சட்டப்படி கழித்துக்கொள்ள இடமுண்டு. எந்த லாபத்தோடு எதைக் கழிக்கலாம் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. இந்த ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் உறையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். “அன்றைக்கே சொன்னேனே!” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அப்புறம் உறை பீரோவுக்குத்தான் திரும்பும். வாங்கின விலையைக் கேட்காமல், கம்பெனியின் பெயர், எத்தனை ஷேர், இன்றைய விலை, நாமினி யார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஒரே கேள்வியை இருவருமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் எதுவானாலும், அடுத்த கல்யாணச் செலவுக்கோ காலேஜ் சம்பளத்துக்கோ அந்த உறையில் எவ்வளவு இருக்கிறது என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.