லலித்துக்கு முறை வருமா?

கொல்கத்தாவில் ஜனவரிக் கடைசியில் நடக்கும் டோவர் லேன் இசை மாநாட்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட்டை மறந்தாலும் சால்வையை மறக்க மாட்டார்கள். கச்சேரி இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். நள்ளிரவு தாண்டி ஒரு மால்கௌன்ஸ், இடையில் டீ, பக்கத்து இருக்கைக்காரரின் சன்னமான குறட்டை. கடைசி வித்வான் லலித்தை எடுக்கும்போது கண்ணில் மணல் போட்டாற்போல இருக்கும். வெளியே வந்தால் ரவீந்திர சரோவர் ஏரி மேல் பனி.

அப்படி ஓர் இரவுக்குப் பிறகு நேரத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. நம் கர்நாடக சங்கீதத்தில் பூபாளம் விடியலுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறார்களே தவிர, மேடையில் கடிகாரம் பார்ப்பவர் குறைவு. மாலை ஆறரைக்கு பிலஹரி பாடினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஹிந்துஸ்தானியில் அந்தச் சலுகை கிடையாது. நாளை எட்டுப் பிரஹரமாக்கி ராகங்களைப் பங்கிட்டிருக்கிறார்கள். யமன் முன்னிரவுக்கு, தர்பாரி நடுநிசிக்கு, லலித் சூரியன் தலைகாட்டுவதற்குச் சற்று முன்பு.

ஆக, ராத்திரி முழுக்கக் கச்சேரி நடந்தால்தான் லலித்துக்கு முறை வரும். அங்கேதான் சிக்கல். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. விசேஷ நாட்களுக்கு நள்ளிரவுவரை சலுகை உண்டு, அவ்வளவுதான். 2005இல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்புக் காட்டியது. டோவர் லேன் நான்கு சுவருக்குள் நடப்பதால் தப்பித்தது. புனேயில் பீம்சேன் ஜோஷி தன் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக 1953இல் தொடங்கிய விழாவோ பந்தலில் நடப்பது. விடிய விடிய நடந்த அந்த விழா, இப்போது பிற்பகலிலேயே தொடங்கி இரவோடு முடிந்துவிடுகிறது. பீம்பலாஸிக்கும் முல்தானிக்கும் அடித்தது யோகம்!

சட்டத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பந்தலுக்கு எதிர்வீட்டில் நோயாளி படுத்திருந்தால் அவருக்கு தர்பாரியும் இரைச்சல்தான்.

பதிவுகள் இருக்கின்றனவே என்பார்கள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது ஒரு ராகத்துக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். இன்று செல்போனில் மணிக்கணக்காகக் கேட்கலாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லலித் உட்பட. ஸ்வரம் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் பழைய ரசிகர்களைப் பேச விட்டுப் பாருங்கள்: முதலில் குளிரைச் சொல்வார்கள், அடுத்து டீயை, மரத்துப்போன காலை. பாட்டு அதற்குப் பிறகுதான் வரும். உடம்பு விழித்திருந்ததால்தான் காது அதை வைத்துக்கொண்டது.

மும்பையில் காலை ஆறரை மணிக் கச்சேரிகள் வந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு, கூட்டமும் வருகிறது. ஆனால் தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு லலித் நாளின் ஆரம்பம். டோவர் லேனில் சால்வைக்குள் சுருண்டு கிடப்பவர்களுக்கு அது ராத்திரியின் மிச்சம்.