மெல்லிய ஓரம்



நமது ஆலயத்தில் ஞாயிறுதோறும் முதல் வாசகம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. தையல் தொழிலாளி, அறுபதைக் கடந்தவர். அவர் நான்கு ஞாயிறுகள் தொடர்ந்து வரவில்லை. காரணம் என்னவென்று நாம் விசாரித்தோமா? இல்லை. ஐந்தாம் ஞாயிறு மறையுரையின் நடுவே, "வயது ஏற ஏறச் சிலருக்குக் கோயிலுக்கு வரும் வழி மறந்துவிடுகிறது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டோம். சிலர் சிரித்தனர். அவருடைய மனைவி தலைகுனிந்தார். அது நம் நெஞ்சை உறுத்தவே, மறுநாள் மாலை அவரது இல்லம் சென்றோம்.

கதவைத் திறந்தவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தின் நடுப்பகுதியை மூடிக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் புற்றுநோயின் காரணமாக அவரது மூக்கு அகற்றப்பட்டது. பின்னர் சிலிக்கோனால் ஒரு மூக்குச் செய்து பொருத்தினர். இது பங்கு முழுவதும் அறிந்த செய்தியே. ஆயினும் அது முகத்தோடு அத்துணை இயல்பாய் இசைந்திருந்தமையால், நாளடைவில் நாம் எல்லோரும் அதை மறந்தே போனோம்.

அலமாரியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். கன்னத்தோடு சேரும் இடத்தில் ஓரம் கிழிந்து, வாடிய இலைபோல் சுருண்டிருந்தது.

"பசை போட்டாலும் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சாமி. வாசகம் வாசிக்கும்போது எல்லார் கண்ணும் இங்கேதான் இருக்கும். அப்புறம் ஆண்டவருடைய வார்த்தை யார் காதில் விழும்?"

நமக்கு நா எழவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அடுத்த வாரமே அவரோடு, அந்த மூக்கைச் செய்த மருத்துவரிடம் சென்றோம். அங்கே கற்றதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது நம் கடமை.

இழந்த முகத்திற்கு ஈடு தேடும் முயற்சி புதியதன்று. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, 16-ஆம் நூற்றாண்டிலேயே பொன், வெள்ளி, காகிதக்கூழ் ஆகியவற்றால் செயற்கை மூக்குகள் செய்வதைப் பற்றி எழுதினார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் அம்மையார் பாரிசில் ஒரு கூடம் நடத்தினார். மெல்லிய செம்புத் தகட்டால் முகமூடிகள் செய்து, தோலின் நிறம் தீட்டிக் கொடுத்தார். செம்பு எளிதில் கிழியாது. ஆனால் அணிந்தவர் சிரித்தால் அது உடன் சிரிக்காது. 1960-ஆம் ஆண்டளவில் சிலிக்கோன் இப்பணிக்கு வந்தது. அது தோல்போல் வளைகிறது, முகத்தோடு அசைகிறது, ஆனால் கிழிகிறது.

கிழிவது எங்கே? பெரும்பாலும் ஓரத்தில்தான். செயற்கை உறுப்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவர் அறியாதிருக்க, ஓரத்தை மிக மிக மெல்லியதாய் இழைத்து முடிக்கிறார்கள். மறைக்க வேண்டிய இடமே மிக மெலிந்த இடமாகிறது. ஒவ்வோர் இரவும் அதைக் கழற்றிப் பசையை நீக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் மறுபடி ஒட்ட வேண்டும். நம் ஊர் வியர்வையில் பசை இளகுவதும் உண்டு. இத்தனை இழுப்பையும் அந்த ஓரம் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆதலால் உள்ளே வலுவூட்டுகிறார்கள். தனிச் சிலிக்கோன் மிகவும் நலிந்தது. மாவைவிட நுண்ணிய சிலிக்காத் தூளை அதனோடு கலக்கும்போது, தூளின் துகள்கள் சிலிக்கோனின் நீண்ட சங்கிலிகளைப் பற்றிக்கொள்கின்றன. வலிமை பல மடங்கு உயர்கிறது. டைட்டானியம், துத்தநாகம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை நுண்துகள்களாக எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு சேர்த்தபோது உறுதி கூடியதாக 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அளவு மீறினால் துகள்கள் கட்டிதட்டிப்போகும். கட்டி உள்ள இடத்திலேயே பிளவு தொடங்கும். தூள் மிகுந்தால் பொருளும் விறைத்துப்போகும். விறைத்த ஓரம் முகத்தின் அசைவைப் பின்பற்றாமல் எழும்பி நிற்கும். பிறகு செம்புத் தகட்டுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

மற்றொரு வழி, ஓரத்தின் உள்ளே மெல்லிய நைலான் வலையைப் பதிப்பது. கிழிசல் தொடங்கினாலும் வலையின் இழைகள் அதை மேலே ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சிலிக்கோன் எதனோடும் எளிதில் ஒட்டாது. ஆகவே இழைகளுக்கிடையே அது நன்கு புகுந்து நிறைய வேண்டும். தேவைப்படின் வலைக்கு முன்பூச்சும் இட வேண்டும். இல்லையேல் வலை ஒரு பக்கம், சிலிக்கோன் ஒரு பக்கம் எனப் பிரிந்துவிடும்.

மருத்துவர் அந்த வலையில் ஒரு துண்டை மேசைமீது வைத்தார். நம் பெரியவர் அதை விரலிடையே தேய்த்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இது மணப்பெண் முக்காட்டுக்குப் போடுகிற நெட்டு துணியாயிற்றே, சாமி! நம் கோயிலில் கலியாணம் முடித்த எத்தனை பெண்களுக்கு நான் தைத்துக் கொடுத்திருக்கிறேன்! கழுத்துப்பட்டிக்கு உள்ளே கான்வாஸ் வைக்கிற மாதிரிதான் இதுவும். வெளியே தெரியக் கூடாது. ஆனால் அது இல்லாவிட்டால் சட்டை நிற்காது."

நாம் அரைமணி நேரம் கேட்டு அறிந்ததை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார்.

மருத்துவர் அவருக்குச் சில அறிவுரைகளும் கூறினார். கழற்றும்போது மெல்லிய ஓரத்தைப் பிடித்து இழுக்கலாகாது. தடித்த பகுதியைப் பற்றி மெதுவாக எடுக்க வேண்டும். மென்மையான சோப்பும் நீரும் கொண்டு நாள்தோறும் கழுவ வேண்டும். இரவில் அணியலாகாது. கடும் வெயிலும் புகைபிடித்தலும் நிறத்தைக் கெடுக்கும். இவ்வளவு பேணினாலும், பொதுவாக ஓரிரு ஆண்டுகளில் புதியது செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வலை பதித்த புதிய மூக்கு சில வாரங்களில் தயாராயிற்று. சென்ற ஞாயிறு பெரியவர் மீண்டும் வாசக மேடையில் ஏறினார். அவர் வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் அனுமதி கேட்டு, அன்று மறையுரையில் நாம் சொன்ன சொல்லுக்காக மக்கள் முன்னிலையில் அவரிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்பு வேண்டினோம். மறைவாய்ச் செய்த தவறாயின் மறைவாய்க் கேட்டிருக்கலாம். நாமோ எல்லோர் காதும் கேட்கச் சொல்லியிருந்தோம்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், "இதுவும் ஒரு நாள் கிழியும், சாமி" என்றார்.

"கிழிந்தால் உடனே சொல்லியனுப்புங்கள். நாமும் உடன் வருகிறோம்" என்றோம்.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் வழக்கமான இடத்தில் காணப்படாத ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லுமுன், அவர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.